கோடையில் துடுப்பு: திருப்பதி, சித்தூர் நீர்வழிகள்

திருப்பதி, சித்தூர் மாவட்டங்களில் கோடைக்காலத்தில் துடுப்புப் போட்டுப் படகு விடும் அளவுக்கு நீர் நிற்கும் இடங்கள் மிகக் குறைவு. ஆறுகள் மணலாகக் கிடக்கும். ஏரிகள் பாதிக்குமேல் வற்றியிருக்கும். அணைகளில் மிஞ்சிய நீர் குடிநீருக்கென்று காவலில் இருக்கும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று, பழவேற்காடு ஏரி. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது நெல்லூரில் இருந்த தடா, சூளூர்ப்பேட்டைப் பகுதிகள் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. மலைக்கோவிலுக்குப் பெயர்போன ஊரின் பெயரைத் தாங்கிய மாவட்டம் அன்றிலிருந்து கடற்கரை மாவட்டமும் ஆயிற்று. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய காயலின் பெரும்பகுதி இப்போது அதன் எல்லைக்குள் கிடக்கிறது.

ஆறுகளை முதலில் பார்த்துவிடலாம். சொல்வதற்கு அதிகம் இல்லை. சந்திரகிரி மலைகளில் பிறந்து திருப்பதிக்கு அருகே ஓடிக் காளத்திக் கோவிலைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போவது சுவர்ணமுகி. கண்ணப்பர் கதை வழியாகத் தமிழர்களுக்கு அது பொன்முகலி. காளங்கி சூளூர்ப்பேட்டை வழியாகவும், ஆரணியாறு பிச்சாட்டூர் அணையைத் தாண்டி ஊத்துக்கோட்டை வழியாகவும் பழவேற்காட்டில் கலக்கின்றன. சித்தூர்ப் பக்கம் பாலாறு கர்நாடகத்திலிருந்து வந்து குப்பம் வட்டாரத்தைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. இவை எல்லாமே மழை ஆறுகள். பனிமலை ஊற்று எதற்கும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள் கரைபுரளும். மாசி முடிவதற்குள் நீரோட்டம் நின்று குட்டைகளாகும். 2021 நவம்பரில் திருப்பதியை மூழ்கடித்த மழையில் சுவர்ணமுகி சாலைகளையும் பாலங்களையும் அரித்துச் சென்றது. ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று கீழ்ப்பக்கத்து ஊர்களைக் காலிசெய்ய நேர்ந்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் படகு இறக்குவது தற்கொலை. அடுத்த ஆறு மாதத்தில் இறக்க நீரே இல்லை. இந்த ஆறுகளைத் துடுப்புப் பயணத்துக்குரியவை என்று எழுதும் சுற்றுலாக் கையேடு எதையும் நம்ப வேண்டியதில்லை.

தேங்கிய நீரின் கதை வேறு. ரங்கம்பேட்டைக்கு அருகிலுள்ள கல்யாணி அணையும் திருமலை மேலுள்ள கோகர்ப்பம், பாபவிநாசம் போன்ற அணைகளும் பக்தர்களுக்கும் ஊருக்கும் குடிநீர் தருபவை. அங்கே பொழுதுபோக்குப் படகுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. கண்டலேறிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைக் கால்வாயும் இம்மாவட்டத்தின் ஊடாகவே போகிறது. சிமென்ட் பூசிய சரிவுக் கரை கொண்ட அந்தக் கால்வாயில் விழுந்தவர் ஏறிவருவது கடினம் என்பதால் அதையும் விலக்கிவிடலாம். சித்தூர் மாவட்டத்துக் கிராம ஏரிகளில் மீன்பிடிப்போர் பரிசலையும் தெர்மாகோல் தெப்பத்தையும் நீர் உள்ளவரை பயன்படுத்துகிறார்கள். தெலுங்கில் அந்தப் பரிசலுக்கு புட்டி என்று பெயர். மூங்கில் பிளாச்சில் பின்னித் தோல் போர்த்திய பழைய பரிசல் போய், பிளாஸ்டிக் தாளும் தாரும், அடுத்து ஃபைபர் கிண்ணமும் வந்துவிட்டன. 2025இல் ஹந்திரி–நீவா கால்வாய் வழியே கிருஷ்ணா நீர் குப்பம் வரை வந்து சேர்ந்ததால் அப்பக்கத்து ஏரிகள் சில இனிக் கோடையிலும் நீர் தாங்கலாம்.

கோடையில் நீர்மேல் போகும் இன்பத்தை இவ்வட்டாரம் அறியாதது அல்ல. அதைச் சாமிக்கு ஒதுக்கி வைத்திருந்தது. திருமலைப் புஷ்கரிணியில் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி ஐந்து நாள் தெப்போற்சவம். திருச்சானூர் பத்மசரோவரத்தில் வெயில் கொளுத்தும் ஆனி மாதத்தை ஒட்டித் தாயாருக்குத் தெப்போற்சவம். வெப்பம் தணிந்த மாலையில், காற்றில்லாத சதுரக் குளத்தில், தட்டையான மிதவையில் மெதுவாகச் சுற்றிவருதல் என்ற அந்த ஏற்பாட்டில் இவ்வூர்க் கோடைக்குப் பொருத்தமான அறிவு ஒன்று இருக்கிறது: நேரத்தைத் தேர்ந்தெடுத்து நீரில் இறங்குவது.

மனிதர் தம் மகிழ்ச்சிக்காகத் துடுப்புப் போடுவது ஒரு பொழுதுபோக்காக உருவெடுத்தது 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில். ஸ்காட்லாந்து வழிவந்த வழக்கறிஞர் ஜான் மக்கிரெகர் 1865இல் ‘ராப் ராய்’ என்ற சிறு மரப்படகில், இரு முனையிலும் தட்டையுள்ள துடுப்பைக் கொண்டு ஐரோப்பிய ஆறுகளில் சுற்றினார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் ஆயிரக்கணக்கானோரைத் தண்ணீருக்கு இழுத்தது. படகின் கருத்து வடதுருவ இனூயிட் மக்களுடையது. கடல்நாய்த் தோல் போர்த்திய அவர்களுடைய வேட்டைப் படகுதான் கயாக். ஸ்காட்லாந்தில் இன்று கோடை வந்தால் ஏரிகளிலும் ஆற்றுக் கழிகளிலும் கயாக்குகள் நிறைந்துவிடும். ஃபோர்ட் வில்லியமிலிருந்து இன்வெர்னெஸ் வரை சுமார் 97 கி.மீ. நீளும் கலிடோனியன் கால்வாயும் இடையிலுள்ள நெஸ் முதலிய ஏரிகளும் சேர்ந்து பல நாள் பயணத்துக்கான ஒரே நீர்ப்பாதையாக அமைந்துள்ளன. 2003இல் அந்நாடு இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், மோட்டார் இல்லாத படகில் உள்நாட்டு நீர்நிலைகளில் பொறுப்போடு செல்லும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்தது.

அந்த நாட்டுக் கையேட்டை அப்படியே எடுத்து இங்கே விரிக்க முடியாது. நெஸ் ஏரியின் ஆழம் 230 மீட்டர் அளவு; பழவேற்காட்டின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அங்கே கோடையிலும் நீர் சில்லிட்டே இருக்கும். கவிழ்ந்தவரை முதலில் வீழ்த்துவது குளிர். அதனால்தான் அவர்கள் ரப்பர் உடை அணிகிறார்கள். இங்கே மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கவிழாதவரையும் வெயில் வீழ்த்திவிடும். அங்கே கோடை என்றால் நீண்ட பகல், பகல் முழுக்கப் படகு. இங்கே கோடைப் பயணம் என்பது விடியலுக்குச் சற்று முன் தொடங்கி, பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்துக்குள் கணக்கை முடித்துக்கொள்வது.

பழவேற்காடு ஏரி வடக்கு–தெற்காகச் சுமார் 60 கி.மீ. நீளமுடையது. மழைக்காலத்தில் ஏறத்தாழ 450 சதுர கி.மீ. பரந்து, வற்றும் காலத்தில் 250 அளவுக்குச் சுருங்குகிறது. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டா என்ற நீண்ட மணல் தீவு கடலை மறித்துக் கிடக்கிறது. உள்ளே இரக்கம், வேநாடு முதலிய தீவுகள். ஏரிக்கு உயிர்மூச்சு முகத்துவாரங்கள். அவற்றின் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது, மழைநீர் வெளியேறுகிறது. மழைக்காலத்தில் நீர் நன்னீருக்கு நெருங்கியிருக்கும். கோடையில் ஆற்றுவரத்து நின்று, ஆவியாதல் மிகுந்து, வடபகுதியில் உப்பு கடலைவிட ஏறிவிடுவதுண்டு. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டாவுக்கு ஏரியை அறுத்துக்கொண்டு போகும் சாலை வடபாதியின் நீரோட்டத்தை மேலும் முடக்கியது. சித்திரையில் அச்சாலையில் செல்வோர் இருபுறமும் காண்பது வெடித்த சேறும் வெள்ளை உப்புப் படிவும்தான். நீர் கண்ணுக்கெட்டாத தொலைவில் ஒரு கோடாகத் தெரிந்தால் உண்டு. ஆகவே கோடையில் துடுப்புக்கு உரியது தென்பாதி. தடாவுக்குக் கிழக்கே பீமுலவாரிபாளையம் கரை, அங்கிருந்து இரக்கம் தீவுப் பக்கம், அதற்கும் தெற்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் பழவேற்காடு ஊரும் முகத்துவாரமும். மாநில எல்லை நீருக்குள் போகிறது. மீனுக்கும் காற்றுக்கும் அது தெரியாது, அனுமதிச் சீட்டுக்குத் தெரியும்.

துடுப்புக்காரருக்கு இங்கே ஆழத்தைவிட முக்கியம் காற்று. கோடை விடியலில் காற்று மிக மெலிதாக, பெரும்பாலும் நிலத்திலிருந்து வீசும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் உள்ளே வரும். மார்ச், ஏப்ரலில் இது முற்பகலிலேயே தொடங்கிவிடும். இதிலிருந்து ஒரு எளிய விதி பிறக்கிறது. மேற்குக் கரையிலிருந்து கிளம்பி, அமைதியான நேரத்தில் கிழக்கே போய், கடற்காற்று எழும்போது அதை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். களைத்த கையோடு காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுவதைப் போல வெறுப்பூட்டுவது வேறில்லை. சாதாரணக் கயாக் மணிக்கு நான்கைந்து கி.மீ. போகும். காற்று வலுத்தால் அது ஒன்றிரண்டாகக் குறையும், புதியவர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

மே பிற்பாதியிலும் ஜூனிலும் இந்த விதி தலைகீழாகலாம். அப்போது மேற்கிலிருந்து சூடான காற்று அடிக்கும். கரையோர மீனவர் அதைக் கச்சான் என்பர். கச்சான் வலுத்த நாளில் கடற்காற்று பிற்பகல் வரை எட்டிப்பார்க்காது, சில நாள் வரவே வராது. மேற்குக் கரையிலிருந்து கிளம்பியவரை அது அழகாகக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும்; திரும்புவதற்கு வழிவிடாது. கச்சான் நாளில் மேற்குக் கரையை விட்டு விலகாமல் ஓரமாகவே போய்வருவதுதான் சரி. வாடை, கொண்டல், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் மீனவரிடம் கிளம்பும் முன் ஒரு சொல் கேட்டுக்கொள்வது கைப்பேசிச் செயலியைப் பார்ப்பதற்கு ஈடானது. இரண்டையும் செய்வது நல்லது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் அலை, காற்று முன்னறிவிப்புகளை நாள்தோறும் வெளியிடுகிறது. கோடை மாலைகளில் மேற்கே கருமேகம் திரண்டு இடி இறங்குவதுண்டு. திறந்த ஏரியில் மிக உயரமான பொருள் படகில் உட்கார்ந்திருப்பவரின் தலைதான்.

ஒரு மீட்டர் ஆழம் என்பது பாதுகாப்பு என்று எண்ணத் தோன்றும். பாதி உண்மை. ஆழமற்ற நீரில் காற்று எழுப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வரும். அகலம் குறைந்த படகைப் பக்கவாட்டில் பிடித்தால் கவிழ்க்கும். இறங்கி நிற்கலாம் என்றால் அடியில் களிச்சேறு. முழங்கால் வரை புதையும். சிப்பிப் படுகைகளின் விளிம்பு கத்தியாக அறுக்கும், திருக்கை முள் இருக்கலாம். ஆகவே வாரிட்ட செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ கட்டாயம். காற்றடித்து ஊதும் பி.வி.சி. கயாக் சிப்பிக்கு இரையாகும். மேலே திறந்த, உள்ளே நீர் தங்காத கடினப் பிளாஸ்டிக் கயாக்கே இந்த ஏரிக்கு ஏற்றது. கவிழ்ந்தாலும் திருப்பிப்போட்டு ஏறி உட்காரலாம், உள்ளே சிக்கும் பயமில்லை. அடியில் நீண்ட தகடு உள்ளவை மணல்திட்டில் தட்டும். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை காற்றில்லாத காலையில் இன்பம், காற்றில் பாய்மரம். லைஃப் ஜாக்கெட், விசில், நீர்புகாப் பையில் கைப்பேசி, ஆளுக்கு நான்கு லிட்டர் குடிநீர், முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் தொப்பி, கூட்டத்துக்கு ஒரு உபரித் துடுப்பும் இழுகயிறும் இருந்தால் போதும். நீரிலிருந்து எதிரொளிக்கும் வெயில் தாடைக்கு அடியிலும் சுடும். நீர்மோர் கொண்டு போவோர் புத்திசாலிகள்.

ஏரி காலியாக இருப்பதாகத் தோன்றும் இடத்திலும் அது யாரோ ஒருவருடைய தொழிலிடம். பழவேற்காட்டில் பட்டினவர் மீனவக் கிராமங்கள் பாடு என்ற முறையை நெடுங்காலமாகக் காத்து வருகின்றன. எந்த இடத்தில், எந்த நாளில், யார் சுத்து வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு அது. நீரில் வரிசையாக நிற்கும் கழிகள் அந்த வலையின் அடையாளம். வலைக்கு மேலாகக் கயாக்கை ஓட்டுவது, கழியைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுப்பது, நீரோட்டத்தை மறித்துக் கூட்டமாக நிற்பது எல்லாம் ஒருவருடைய அன்றைய முறையைக் கெடுக்கும். அந்த முறை மறுபடி வர அவர் பல நாள் காத்திருக்க வேண்டும். இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஏனாதி, இருளர் குடும்பங்களும் உண்டு. படகு கிளறும் சேறு அவர்களுக்குத்தான் முதல் இடையூறு. ஆழமான வழி எது, வலை எங்கே என்று சொல்ல உள்ளூர் மீனவர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வது தேவை, மரியாதையும்கூட.

இதே ஏரிக்குள் பழைய நீர்வழி ஒன்றும் புகுந்து செல்கிறது. பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய உப்பங்கழிக் கால்வாய் பின்னர் அரசின் கைக்கு வந்து வடக்கே நீண்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து நகரப் பகுதியில் வெட்டி இணைக்கப்பட்டபின் அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் பெற்றது. பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. ஸ்ரீஹரிக்கோட்டாக் காடுகளின் விறகு சென்னையின் அடுப்புகளுக்கு வந்தது இவ்வழியேதான். கழி ஊன்றியும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும், காற்று வாய்த்தால் பாய் விரித்தும் அந்தப் படகுகள் போயின. ரயிலும் சாலையும் சரக்கைப் பறித்தன. 1960களிலும் 1976இலும் வந்த புயல்கள் கரைகளைத் தகர்த்தன. 2008இல் தேசிய நீர்வழி 4 அறிவிக்கப்பட்டபோது இக்கால்வாயும் அதில் சேர்க்கப்பட்டது. பெரிய சரக்குப் படகுக்காகத் தூர் வாரும் திட்டம் காகிதத்தைத் தாண்டுவதற்குள், தடாவிலிருந்து பழவேற்காடு வரையாவது ஒரு கயாக் பாதையாக அதைத் துப்புரவாக்குவது மலிவான வேலை. கலிடோனியன் கால்வாயும் இன்று வாழ்வது பெரும்பாலும் அப்படித்தான்.

கடற்பகுதியைப் பற்றி எச்சரிக்கையே அதிகம். ஸ்ரீஹரிக்கோட்டாக் கரை சதீஷ் தவான் விண்வெளி மையத்தின் பாதுகாப்பு எல்லை, நெருங்கக்கூடாது. அதற்கு வடக்கே வாக்காடு பக்கத்தில் தூப்பிலிபாளையம் கடற்கரையும், சென்னைக்கு முன்பே ஆங்கிலேயர் பண்டசாலை வைத்திருந்த துகராஜபட்டினமும் உள்ளன. அங்கிருந்த பிரான்சிஸ் டே தான் 1639இல் தெற்கே வந்து சென்னைக்கு இடம் பிடித்தவர். இக்கரை முழுவதும் அலை கரையருகே திடீரென்று உடைந்து விழும் இயல்புடையது. துறைமுகம் வருவதற்கு முன் சென்னையில் அந்த அலையைக் கடக்கவே ஆணியடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகைப் பயன்படுத்தினார்கள். பயிற்சி பெற்றவர், இருவர் மூவராக, கட்டுமரம் இறக்கும் துறையிலேயே இறங்கினால் கடல் கயாக் சாத்தியம். புதியவர்களுக்கு இல்லை. முகத்துவாரம் இன்னும் ஆபத்தானது. கடலின் ஏற்ற இறக்கம் இக்கரையில் ஒரு மீட்டர் அளவே என்றாலும், இறங்கும் நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாயில் வழியாகப் பாய்ந்து வெளியேறும். எதிரே அலை வரும். மீனவரே நேரம் பார்த்துக் கடக்கும் இடம் அது.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன மீன்பிடிப் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் அணியாத பயணிகளும், அளவுக்கு மீறிய ஆட்களும், முகத்துவாரத்தின் ஈர்ப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாள் காட்டியது. ஒருவர் இருவர் செல்லும் கயாக்கில் ஆளேற்றத்துக்கு வாய்ப்பில்லை. ஆனால் ஜாக்கெட்டைப் படகின் முன்புறம் கட்டிவைத்து வெற்றுடம்போடு உட்காருவோர் உண்டு. கட்டிவைத்த ஜாக்கெட் படகைத்தான் காப்பாற்றும்.

கோடை என்ற பருவத்துக்கு இங்கே ஒரு நியாயமும் இருக்கிறது, அது பறவை சார்ந்தது. ஏரி தளும்பி நிற்கும் ஐப்பசி முதல் மாசி வரை பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து ஆழமற்ற நீரில் மேய்கின்றன. அருகே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் குஞ்சு பொரிக்கின்றன. துடுப்புக்கு மிக வசதியான அந்த மாதங்கள்தான் பறவைக்கும் இன்றியமையாதவை. ஓசையில்லாத கயாக் மோட்டார் படகைவிட நெருங்கிப் போய்விடும் என்பதால் அது செய்யும் கேடும் சிறிதல்ல. ஒரு முறை கிளப்பிவிட்ட கூட்டம் மேய்ச்சல் நேரத்தை இழக்கிறது. பங்குனிக்குப் பிறகு பூநாரைகளில் பெரும்பகுதி கிளம்பிவிடும். கட்ச் பாலைநிலம்தான் அவற்றின் முக்கியமான இனப்பெருக்க இடம். அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. துடுப்பாலும் பாயாலும் போகும் மரபுப் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. கடலில் எஞ்சின் ஓசை அடங்கி, ஏரியில் வலசைப் பறவைகள் குறைந்திருக்கும் இந்த இரண்டு மாதம்தான், நீர் குறைவாக இருந்தாலும், கயாக்குக்கு முறையான காலம். தங்கிவிட்ட பறவைகளுக்கு நூறு மீட்டராவது விலகிப் போனால் போதும். ஏரியின் ஆந்திரப் பகுதி 1976 முதல் பறவைகள் சரணாலயம்; உள்ளே படகு இறக்க சூளூர்ப்பேட்டை வனவிலங்குப் பிரிவின் அனுமதி வேண்டும்.

பயிற்சிக்குக் கோவாவில் உள்ள தேசிய நீர்விளையாட்டு நிறுவனம் ஆட்களைத் தயார்செய்து சான்றிதழ் கொடுக்கிறது. பீமுலவாரிபாளையம், இரக்கம் கிராமங்களின் மீனவ இளைஞர்கள் பத்துப் பேரை அங்கே அனுப்பினால் இந்த ஏரிக்கு வழிகாட்டிகளும் மீட்பாளர்களும் கிடைப்பார்கள். காற்றும் வலையும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். முதலுதவியும் கயிறு வீசுதலும் சில வாரங்களில் கற்கக்கூடியவை. ஆந்திர சுற்றுலாத் துறை மோட்டார் படகு வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்ப வேண்டும்.